சிமெண்ட் இல்லாமலே நிற்கும் தடுப்புச்சுவர்

ஆசிரியருக்கு,

சித்தேரி, அஞ்செட்டி போன்ற மலைப்பகுதிகளில் மணலும் சிமெண்டும் ஏற்றிப்போகும் கூலி கனக்கிறது. கல்லோ காலடியிலேயே கிடக்கிறது. மேட்டு மண் சரியாமல் தாங்க, ஐந்தடி உயரம் வரை கலவை இல்லாத கல்லடுக்குச் சுவரே போதும்.

கடைக்காலை ஓரடி ஆழம், கெட்டி மண் தட்டும்வரை தோண்டி, அடித்தளத்தை மண்மேட்டின் பக்கம் சற்றே தாழ விட வேண்டும். அடிப்பக்க அகலம் உயரத்தில் பாதி, அதாவது ஐந்தடிச் சுவருக்கு இரண்டரை அடி, உச்சியில் ஒன்றரை. முன்முகம் ஒவ்வோர் அடி உயரத்துக்கும் இரண்டு அங்குலம் மேட்டை நோக்கிச் சாய வேண்டும். பத்தடி நீளத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் யூனிட் (125 கன அடி) கல் பிடிக்கும்.

பெரிய கல் அடியில். கல்லின் நீளம் சுவருக்குள் போக வேண்டும். முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று நீளத்தை முகப்பில் படுக்கவைத்தால் சீக்கிரமே பிதுங்கும். மூன்றடிக்கு ஒன்று, சுவரின் முழு அகலத்துக்கும் குறுக்கே ஓடும் கல் வைக்காவிட்டால் முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியே பிரிந்துவிடும். செங்குத்து இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் வரவே கூடாது.

சுவர் விழுவது பெரும்பாலும் கல்லால் அல்ல, தண்ணீரால். பின்னால் ஓரடிக்குக் கல்சக்கை (சிறு உடைகல்) நிரப்புங்கள். தோண்டிய களிமண்ணையே திரும்பக் கொட்டினால் ஐப்பசி மழையில் ஊறி உப்பித் தள்ளும். மேலே பூச்சு பூசி அழகுபார்ப்பவர்கள் தண்ணீர் வடியும் வழியைத்தான் அடைக்கிறார்கள்.

ஐந்தடிக்கு மேல், அல்லது மேட்டில் வீடோ சாலையோ இருந்தால், பொறியாளரைக் கேட்காமல் கட்டக்கூடாது.

கல்கட்டுத் தொழிலாளர்கள்,
அரூர், தருமபுரி மாவட்டம்