மணற்குன்றுகளை விட்டுப் போனவர்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம், செர்ரி கவுண்டியில் (மாவட்டத்தில்) இயங்கும் நம் வட்டார வரலாற்று வட்டத்தின் இவ்வாண்டுப் பணிகளைச் சமர்ப்பிக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் வேலன்டைன் நகரில் நடந்தன. பனிப்புயலால் பிப்ரவரியில் மட்டும் கூட முடியவில்லை. நேர மண்டல எல்லை குறுக்கே போவதால், நம் கவுண்டியின் கிழக்குப் பகுதிக்கு ஒரு கடிகாரம், மேற்குப் பகுதிக்கு ஒரு மணி நேரம் பின்தங்கிய இன்னொரு கடிகாரம். மேற்கே மெரிமனிலிருந்து அறுபது மைல் கார் ஓட்டி வரும் உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டபடி, இனி அழைப்பிதழில் இரண்டு நேரங்களையும் அச்சிடுவோம்.

இவ்வாண்டு முழுவதும் ஒரே கேள்வியைத்தான் பேசினோம். நம் கவுண்டியின் பரப்பு ஏறத்தாழ 6,000 சதுர மைல். கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. 2020 கணக்கெடுப்பில் இங்கு வாழ்ந்தவர்கள் 5,455 பேர். ஆனால் 1920இல் 11,000 பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேர் எங்கே போனார்கள்? ஏன் போனார்கள்?

விடை காலடியிலேயே இருக்கிறது. நாம் நிற்பது மணல். பழங்காலக் காற்று குவித்த இந்தக் குன்றுகளில் சில 400 அடி உயரம் வரை எழுகின்றன. அவற்றை ஓடாமல் பிடித்து வைத்திருப்பது புல்லின் வேர் மட்டுமே. ஓரிடத்தில் புல் கிழிந்தால் காற்று அங்கே குழி தோண்டத் தொடங்கும். அந்தக் குழிகளில் பழைய டயர்களைப் போட்டு மணலைத் தடுக்கும் பண்ணைக்காரர்கள் இன்றும் உண்டு. மழைநீரோ வழிந்தோடாமல் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள ஒகலாலா என்ற பெரும் நிலத்தடி நீர்ப்படுகையில் சேர்கிறது. தாழ்ந்த இடங்களில் ஏரியாகத் தலைகாட்டுகிறது. மாட்டுக்கு இதைவிட நல்ல நிலம் கிடையாது. ஏருக்கு இதைவிடக் கெட்ட நிலமும் கிடையாது.

வாஷிங்டனில் சட்டம் எழுதியவர்களுக்கு இது புரியவில்லை. 1862ஆம் ஆண்டுக் குடியேற்ற நிலச் சட்டம் குடியேறும் குடும்பத்துக்கு 160 ஏக்கர் அரசு நிலம் தந்தது. 1904இல் நம் மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் மோசஸ் கிங்கெய்ட் கொண்டுவந்த சட்டம் அதை 640 ஏக்கராக உயர்த்தியது. நல்லெண்ணத்தில் பிறந்த சட்டம்தான். ஆனால் இந்த மணலில் 640 ஏக்கரில் ஐம்பது அறுபது மாடு மேய்வதே அரிது. வந்தவர்களோ அதை உழுதார்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது இங்கே சொல்லுக்குச் சொல் நடந்தது. பெரிய மாட்டுப் பண்ணைகளும் சட்டத்தை மதிக்கவில்லை. ஸ்பேட் பண்ணையின் பார்ட்லெட் ரிச்சர்ட்ஸ் அரசு நிலத்தை வேலியிட்டு வளைத்ததற்காகத் தண்டனை பெற்று, அதை முடிக்குமுன்பே 1911இல் இறந்தார்.

வந்து போனவர்களில் என் மனத்தை விட்டு அகலாதவர்கள் டிவிட்டி என்ற குடியிருப்பின் மக்கள். 1907 முதல் வடக்கு லூப் ஆற்றங்கரையில், பிரவுன்லீ ஊருக்கு அருகே, கறுப்பினக் குடும்பங்கள் நிலம் எடுத்துக் குடியேறின. அவர்களில் பலர், அடிமைத்தளையிலிருந்து தப்பிக் கனடாவுக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள். பள்ளி நடத்தினார்கள், தேவாலயம் கட்டினார்கள், பேஸ்பால் அணி வைத்திருந்தார்கள். நெப்ராஸ்காவின் மிகப் பெரிய கறுப்பினக் கிராமக் குடியிருப்பு அதுதான். 1930களுக்குள் அது கலைந்துவிட்டது. இன்று அங்கே புல்தான் இருக்கிறது. 83ஆம் எண் நெடுஞ்சாலையோரம் நினைவுப் பலகை எழுந்தது 2016இல்தான். இத்தனை தாமதம் நமக்குப் பெருமை தருவதல்ல.

நயோப்ராரா கோட்டை பற்றியும் இரண்டு கூட்டங்கள் பேசினோம். 1880இல், வடக்கே, பூர்வகுடிகளுக்கென அரசு ஒதுக்கிய ரோஸ்பட் நிலத்தில் இருந்த லகோட்டா மக்களைக் கண்காணிக்க எழுந்த கோட்டை அது. 1906இல் மூடப்பட்டு, 1912 முதல் வனவிலங்குச் சரணாலயமாக இருக்கிறது. காட்டெருமைகளைப் பார்க்க வருகிறவர்களிடம், இந்த நிலம் முன்பு யாருடையது என்பதையும் நாம் சொல்ல வேண்டும்.

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்கிறேன். மூடப்பட்ட ஒரு கிராமப் பள்ளியின் வருகைப் பதிவேடுகள் குப்பைக்குப் போய்விட்டன. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அலமாரி காலியாக இருந்தது. ஊர் கலைந்த பிறகு, அங்கே வாழ்ந்த குழந்தைகளின் பெயர்கள் மிஞ்சியிருந்தது அந்தத் தாள்களில்தான்.

ஆகவே, உங்கள் பரணிலோ பெட்டியிலோ பழைய கடிதம், புகைப்படம், பண்ணைக் கணக்கு எது இருந்தாலும் எறியாதீர்கள். கொண்டுவந்தால் நகல் எடுத்துவிட்டு அன்றே திருப்பித் தருகிறோம். மே மாதம், புல் தலையெடுத்ததும், டிவிட்டி இருந்த இடத்துக்குப் போகிறோம். காரில் இடம் தரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறேன்.

இவ்வறிக்கையை ஏற்குமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்