டண்டினோங் சனிக்கிழமை வகுப்புக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். தென் சூடான் பிள்ளைகளுக்காக நடத்தும் எங்கள் வீட்டுப்பாட வகுப்பு போன சனிக்கிழமையோடு இந்த ஆண்டுக்கு முடிந்துவிட்டது. வழக்கமாக ஆண்டிறுதியில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுவோம். இந்தமுறை தமிழில் தனியாக எழுதச் சொன்னது தென் சூடான் தாய்மார்கள்தான். மேசை, மடிக்கணினி, விமானச் சீட்டுக்கான காசு என்று எது வந்தாலும் யார் தந்தது என்று கேட்பார்கள். அநேகமாக "ஒரு தமிழ்க் குடும்பம்" என்பதுதான் என் பதிலாக இருக்கும். யாருக்கு உதவினோம் என்று அந்தத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரியுமா என்று ஒரு நாள் திருப்பிக் கேட்டார்கள். உங்களில் பலருக்குத் தெரியாது. அதனால் கடிதம் கொஞ்சம் நீளும். தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் இங்கேயே பிறந்தவர்கள். தாய்தகப்பன் வந்த பாதைதான் நீளம். தெற்குச் சூடானில் போர் மீண்டும் மூண்டது 1983-இல். இலங்கையில் கறுப்பு யூலை நடந்த அந்த ஆண்டைப் பற்றி நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை, அவர்களுக்கும் அப்படித்தான். 2005 சமாதான ஒப்பந்தம் வரை இருபத்திரண்டு ஆண்டுகள் அது ஓயவில்லை. சிறுவர்களாக எத்தியோப்பியாவுக்கு நடந்து போனவர்கள், 1991-இல் அங்கே ஆட்சி கவிழ்ந்ததும் அங்கிருந்தும் விரட்டப்பட்டுக் கென்யாவின் வறண்ட வடமேற்கில் ககுமா முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். வேறு சிலர் கார்ட்டூம் வழியாகக் கெய்ரோவுக்குப் போய், அங்கே வீட்டு வேலை செய்துகொண்டு விசாவுக்காகக் காத்திருந்தார்கள். 2001 குடிசனக் கணக்கெடுப்பில் சூடானில் பிறந்தவர்கள் அவுஸ்திரேலியாவில் 5,000 பேர்கூட இல்லை. 2006-இல் சுமார் 19,000 பேர். அந்த ஐந்து ஆண்டுகளில் வந்தவர்களில் ஒரு பகுதியினர்தான் மெல்பேர்ணின் தென்கிழக்குப் புறநகர்களான டண்டினோங், நோபிள் பார்க் பக்கம் குடியேறிய நம் அயலவர்கள்.

முதல் நன்றி, படிவம் நிரப்பித் தந்தவர்களுக்கு. இதை ஒரு வேலையாக யாரும் மதிப்பதில்லை, ஆனால் வந்த புதிதில் ஒரு குடும்பத்தின் பாதி நாள் அதில்தான் போகும். தென் சூடானின் பெரிய இனமான டிங்கா மக்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், அதன்பின் தாத்தா பெயர். தகப்பன் பெயரைக் கடைசிப் பெயராக எழுதிவிட்டு, மனைவிக்கும் பிள்ளைக்கும் ஏன் வேறு வேறு பெயர் என்று அலுவலகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று விளக்கிய அனுபவம் நம்மில் யாருக்குத்தான் இல்லை? அதனால்தான் இந்தச் சிக்கலை நம் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஐயாவால் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ள முடிந்தது. பிறந்த திகதி இன்னொரு வேடிக்கை. முகாமில் பதிவு இல்லாதவர்களுக்கெல்லாம் சனவரி 1 என்று போட்டுவிட்டார்கள். தகப்பன், தாய், மாமன் எல்லோருக்கும் ஒரே பிறந்தநாள். புத்தாண்டு அன்று ஒரே கேக்கில் கொண்டாடி முடித்துவிடுகிறார்கள், செலவும் மிச்சம்.

இரண்டாவது, காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்களுக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். விக்டோரியாவில் 21 வயதுக்குக் குறைந்த ஒருவர் ஓட்டுநர் உரிமம் எடுக்க 120 மணிநேரம் ஓட்டிப் பழகியதாகப் பதிவு காட்ட வேண்டும். அதில் 20 மணிநேரம் இரவில். முழு உரிமம் வைத்திருக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நம் வீடுகளில் இதைப் பெரிய விடயமாக நினைப்பதில்லை. அப்பா கடைக்குப் போகும்போது பிள்ளை ஓட்டும், கோயிலுக்குப் போகும்போது ஓட்டும், ஒன்றிரண்டு ஆண்டில் கணக்கு நிறைந்துவிடும். கணவனைப் போரில் இழந்து, ஆறு பிள்ளைகளோடு வந்து, தானே இன்னும் ஓட்டத் தெரியாத ஒரு தாயின் மூத்த மகன் எங்கே போவான்? காசு கொடுத்துப் பழகலாம் என்றால் ஒரு மணிநேரக் கட்டணத்தைக் கேட்டாலே மயக்கம் வரும். உரிமம் இல்லையென்றால் விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கும் மரக்கறி பொதிசெய்யும் வேலை இல்லை, முதியோர் இல்லத்தில் இரவு வேலை இல்லை. அந்த நேரத்தில் ரயிலும் கிடையாது, பஸ்சும் கிடையாது.

அரசாங்கம் எல்2பி என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. காரும் துணையும் இல்லாத இளையவர்களோடு தொண்டர்களைச் சேர்த்துவிடும் நல்ல திட்டம். ஆனால் தொண்டர்கள் வேண்டுமே. பெயர் கொடுத்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். வேலை முடிந்து களைத்து வந்து, சோறு தின்ற கையோடு, மழை பெய்யும் யூலை மாத இரவில் முன்பின் தெரியாத ஒரு பையனுக்கு வளைவு திருப்பக் காட்டிக் கொடுத்தவர்கள். சும்மா மினக்கெடவில்லை நீங்கள். அந்தப் பையன்களில் ஒருவன் இப்போது தாதியர் படிப்புக்குத் தானே ஓட்டிப் போகிறான். இன்னொருவன் ஆறு மாதத்தில் தன் தாய்க்கே ஓட்டப் பழக்கிவிட்டான். காரில் ஏற்பட்ட பேச்சுப் பழக்கம் வேறு. அதை எந்த வகுப்பறையிலும் நாங்கள் உண்டாக்கியிருக்க முடியாது.

அடுத்தது விமானச் சீட்டுக்குக் காசு சேர்த்தவர்கள். அகதி விசா 200-இல் வருபவர்களுக்குப் பயணச் செலவை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். இங்கிருக்கும் உறவினர் பரிந்துரைத்து வரும் 202 விசாவில் அப்படியில்லை, குடும்பமே கட்ட வேண்டும். எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மம்மா ககுமாவில் பல ஆண்டுகள் காத்திருந்தார். காத்திருப்பு நீண்டதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. 2004-05 அளவில் வெளிநாடுகளிலிருந்து எடுக்கும் மனிதாபிமானக் குடியேற்றத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஆபிரிக்கர்களாக இருந்தது. 2007-இல் குடிவரவு அமைச்சர் கெவின் ஆன்ட்ரூஸ் அதை 30 விழுக்காடாகக் குறைத்தார். சில குழுக்கள் போதிய வேகத்தில் இந்த வாழ்க்கையோடு ஒட்டவில்லை என்றும் காரணம் சொன்னார். அதற்குச் சில நாட்கள் முன்னர்தான் நோபிள் பார்க்கில் ஒரு சூடான் இளைஞன் அடித்துக் கொல்லப்பட்டிருந்தான். அடித்தவர்கள் ஆபிரிக்கர்கள் அல்ல. கொலை செய்யப்பட்டவனின் சமூகத்தின் மீதே குற்றம் விழுந்த அந்த மாதத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. சரி, அம்மம்மா கடைசியில் வந்துவிட்டார். நீங்கள் தந்த காசில் நைரோபியிலிருந்து சீட்டு எடுத்து, துலாமரீன் விமான நிலையத்தில் இறங்கினார். பேத்தியை முதல் தடவை பார்த்ததும் அவள் தலையில் நீர் தெளித்து ஆசீர்வாதம் செய்தார். காவலாளி ஒருவர் கிட்ட வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவருக்கும் ஒரு நன்றி.

வீடு தந்த அக்காவுக்குப் பெயர் சொல்லாமல் நன்றி சொல்கிறேன், அவர் அப்படித்தான் கேட்டார். எட்டுப் பேர் கொண்ட குடும்பம் என்றதும் வீட்டு முகவர்கள் தொலைபேசியை வைத்துவிடுவார்கள். ஒருவர் எங்களை வீட்டைப் பார்க்கக்கூட விடவில்லை. நீங்கள் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, பின்வளவில் கீரை போடலாம் என்றும் சொன்னீர்கள். இப்போது அங்கே வெண்டியும் நிற்கிறது.

2018-ஐயும் சொல்லாமல் விட முடியாது. மெல்பேர்ணில் ஆபிரிக்கக் கும்பல்களுக்குப் பயந்து மக்கள் இரவில் உணவகத்துக்குப் போக அஞ்சுகிறார்கள் என்று உள்துறை அமைச்சர் பீற்றர் டட்டன் அந்தச் சனவரியில் வானொலியில் சொன்னார். அதற்குப் பிறகு மூன்று பையன்கள் சேர்ந்து கடைத்தெருவில் நடந்தாலே பின்னால் ஒரு காவலாளி வந்தார். தாய்மார் பிள்ளைகளை வெளியே விடப் பயந்தார்கள், வகுப்பில் பாதி நாற்காலிகள் காலி. உண்மையைச் சொன்னால், நம்மவர்களிலும் சிலர் கோயில் வாசலில் நின்று அதே கதையைக் கதைத்தார்கள். தமிழன் என்றால் புலி என்று பார்க்கப்பட்ட காலம் அவ்வளவு தூரத்திலா இருக்கிறது? ஆனால் அதே வாரங்களில் காரை எடுத்துக்கொண்டு வந்து பையன்களை வீட்டு வாசலில் ஏற்றி, வாசலிலேயே இறக்கிவிட்டவர்களும் நம்மவர்கள்தான். அவர்களுக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

நமக்கு அவர்கள் செய்ததையும் எழுதிவைக்க வேண்டும். கோவிட் முடக்க காலத்தில் தனியாக இருந்த நம் முதியவர்கள் சிலருக்கு மருந்துக்கடைக்கு ஓடியது இந்தப் பிள்ளைகள்தான். போன ஆண்டு நாங்கள் நடத்திய பொங்கலுக்கு வந்த தாய்மார் கிஸ்ரா சுட்டுத் தந்தார்கள். வெள்ளைச் சோள மாவை, எங்கள் ஊர் இறுங்கு மாவைத்தான், புளிக்க வைத்து நெய்த்தோசையை விட மெல்லிசாக இழுத்து எடுப்பார்கள். அந்த மாவை வாங்குவது ஃபொஸ்டர் வீதி இந்தியக் கடைகளில். கடைக்கார அண்ணர் இப்போது அவர்களுக்காகவே பெரிய மூட்டை இறக்குகிறார்.

நன்றி என்ற விடயத்தில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. ககுமாவில் பிறந்து அடிலெய்டில் வளர்ந்த கால்பந்தாட்ட வீரர் அவெர் மாபில், 2022 யூனில் கத்தாரில் பெருவுக்கு எதிராகப் பெனால்டி அடித்து அவுஸ்திரேலியாவை உலகக் கிண்ணத்துக்கு அனுப்பிய அணியில் ஒருவர். தன் குடும்பத்தின் சார்பில் இந்த நாட்டுக்கு நன்றி சொல்ல அதுவே வழி என்று சொன்னார். முகாமிலுள்ள பிள்ளைகளுக்குப் பந்தும் பூட்ஸும் அனுப்பும் அமைப்பைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். மனமுவந்து சொன்னது, கேட்கச் சந்தோசம். ஆனால் எங்கள் வகுப்புப் பையனுக்கு யாரும் பெனால்டி தரப்போவதில்லை. அவன் டண்டினோங் ஆஸ்பத்திரியில் பிறந்தவன். இது அவனுடைய நாடு. விருந்தாளி மாதிரி ஒவ்வொரு நாளும் கைகூப்பிக்கொண்டே அவன் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியில்லை. கணக்குப் பாடத்தில் சித்தியடையாவிட்டாலும், பேருந்தில் சத்தமாகச் சிரித்தாலும் அது அவன் நாடுதான். அதனால் இந்தக் கடிதத்தைப் பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கி அனுப்பவில்லை. நன்றி சொல்பவர்கள் அவர்களின் தாய்மாரும், வகுப்பை நடத்தும் நாங்களும்.

அடுத்த தவணை பெப்ரவரியில் தொடங்குகிறது. எல்2பி தொண்டர்கள் இன்னும் தேவை. முழு உரிமமும் பொறுமையும் இருந்தால் போதும், கார் அவர்களே தருவார்கள். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு இரசாயனம் சொல்லிக்கொடுக்கக் கூடியவர் யாரேனும் இருந்தால் உடனே சொல்லுங்கள், நாங்கள் திண்டாடுகிறோம். அப்புறம், குளிர் உடுப்புகள் நிறையச் சேர்ந்துவிட்டன, வைக்க இடமில்லை. தயவுசெய்து இனி அனுப்ப வேண்டாம்.

நன்றியுடன்,
சனிக்கிழமை வகுப்பு ஆசிரியர்கள் சார்பில்