ராத்திரி பதினோரு மணி வகுப்பு

ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளுக்குத் தொடர்கல்வித் திட்டம் போடும் எல்லாருக்கும் வணக்கம்.

நான் சிங்கப்பூரில் ஒரு சமூக மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது குளிப்பது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளை நோயாளிகள் தாங்களே செய்ய உதவுபவராக, வேலை பார்க்கிறேன். 2011இல் சட்டம் வந்து, பிசியோதெரபிஸ்டுகள், பேச்சு சிகிச்சையாளர்களோடு நாங்களும் பதிவு பெற்றுத்தான் தொழில் செய்ய வேண்டும் என்று ஆனது. நல்லதுதான். தொடர்ந்து படிக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை.

தொலைநிலைப் பாடம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்தச் சின்ன ஊரில் எல்லாச் சிறப்புப் பாடமும் நடக்காது, வெளிநாட்டில் நடப்பதை வீட்டிலிருந்தே படிக்க முடிவது லேசுப்பட்ட காரியமா? ஆனால் பெரும்பாலும் நான் பார்ப்பது, காணொளியை ஓடவிட்டு, கடைசியில் நாலு கேள்விக்குப் பதில் தட்டி, சான்றிதழை இறக்கிக்கொள்வது.

ஸ்ப்ளின்ட், அதாவது கையைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் அச்சு, செய்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். தெர்மோபிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு, இளகியதும் எடுத்துத் துடைத்து, சூடு பொறுக்குமா என்று நம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, நோயாளியின் கையில் படியவைத்து வடிவம் கொண்டுவர வேண்டும், அது இறுகுவதற்குள் கிடைப்பது சில நிமிடம்தான். பக்கவாதத்தில் விரல்கள் மடங்கி விறைத்த கை என்றால் கேட்கவே வேண்டாம். மணிக்கட்டை எவ்வளவு நிமிர்த்தலாம், எந்த எலும்பு மேட்டில் அழுந்திப் புண்ணாகும் என்பதெல்லாம் தொட்டுப் பழகித்தான் வரும்.

அப்புறம், பாடத்தில் காட்டும் குளியலறையில் பாத்டப் இருக்கும். நம் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் கழிப்பறை வாசலில் ஒரு படி, உள்ளே ஈரத் தரை, குளிப்பதும் அங்கேயே. முதியவர்கள் வீட்டில் விழாமல் இருக்க அரசு நடத்தும் ஈஸ் திட்டத்தில் கைப்பிடிக் கம்பியும் சறுக்காத தரையும் போட்டுத் தருகிறார்கள், சரி, கம்பி எந்த உயரத்தில் என்பதை அந்தப் பாட்டியை வாசலில் நிற்கவைத்துத்தானே சொல்ல முடியும்? அதே பாட்டி, "கரண்டி வேண்டாம்மா, சோத்தைக் கையால பிசைஞ்சு சாப்பிடணும்" என்பார். நான் படித்த எந்தக் காணொளியிலும் அது வரவில்லை.

அதனால் கேட்கிறேன்: பாடத்தைக் காணொளியோடு முடிக்காதீர்கள். படித்ததை எங்கள் நோயாளியிடம் செய்யும்போது மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், அந்த நேரத்துக்கு இருவருக்கும் தொடர்கல்விப் புள்ளி கொடுங்கள். டூட்டி அட்டவணையிலேயே அதற்கு இடம் ஒதுக்குங்கள். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்குக் காணொளியை இரட்டை வேகத்தில் ஓடவிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் துறையிலேயே விசாரியுங்கள்.

அடுத்த ஆண்டு ஒரே ஒரு பாடத்திலாவது செய்து பாருங்கள். ஸ்ப்ளின்டில் தொடங்கலாம், அதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.