பக்கத்து அறையில் ஒரு மீட்டர்

அன்புள்ள சேகர்,

தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். பாலுவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனிமேலாவது சீட்டைப் பார்த்து இறக்குவான்.

விஷயத்துக்கு வருகிறேன். சின்னவள் பிளஸ் டூ. மின்காந்தத் தூண்டலை, அதுதான் காந்தத்தை வைத்துக் கம்பியில் கரண்ட் வரவைப்பதை, டியூஷனில் நெட்டுருப் போட வைத்திருக்கிறார்கள். தூக்கத்தில் எழுப்பினாலும் "காந்தப்பாயம் மாறும் வீதம்" என்பாள். கம்பி சுற்றிய காயிலுக்குள் காந்தத்தை வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் கரண்ட் வருமா என்று கேட்டேன். "காந்தம் பெரிசாக இருந்தால் வரும்" என்கிறாள்! நாள் முழுக்க மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவன் நீ, உனக்கு எரியுமா எரியாதா?

அவளை உட்காரவைத்து சுவிஸ் விஞ்ஞானி கொலாடோன் கதையைச் சொன்னேன். நீயும் கேள். கம்பியில் கரண்ட் பாய்ந்தால் காந்த ஊசி திரும்பும் என்று 1820-இல் டென்மார்க் விஞ்ஞானி அர்ஸ்டெட் காட்டிவிட்டார். அப்படியானால் காந்தத்திலிருந்து கரண்ட் வரவேண்டுமே என்று பலரும் தேடினார்கள். 1825-இல் ஜெனிவாவில் கொலாடோனும் இறங்கினார். காந்தம் பக்கத்தில் இருந்தால் கரண்டைக் காட்டும் கால்வனோமீட்டர் ஊசியை நேராக இழுத்துவிடும் என்று, நீளக் கம்பி இழுத்து மீட்டரை வேறு அறையில் வைத்தார். காந்தத்தைக் காயிலில் செருகுவார், எழுந்து போய்ப் பார்ப்பார், ஊசி பூஜ்யத்தில் நிற்கும். அவர் நடக்கிற நேரத்தில் அது துள்ளி அடங்கியிருக்கும். மீட்டர் பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்திருந்தால் போதும். சிரிக்கத் தோன்றவில்லைடா எனக்கு. அவர் பட்ட ஜாக்கிரதையே காலை வாரிவிட்டது.

1831 ஆகஸ்ட் 29, லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன். ஆறு அங்குல இரும்பு வளையத்தின் இரு பக்கமும் செம்புக் கம்பி சுற்றினார் ஃபாரடே. கரண்ட் தாவாமலிருக்க இனாமல் பூசிய கம்பி ஏது அப்போது? சுற்றுக்கு நடுவே நூல், அடுக்குக்கு நடுவே துணி. உன் பட்டறைப் பையனிடம் சொல், அழுதுவிடுவான். ஒரு பக்கம் பேட்டரி கொடுத்ததும் மறுபக்கத்து ஊசி ஆடி அடங்கியது. பேட்டரியை எடுத்ததும் மறுபடி ஆடியது. நடுவில், கரண்ட் பாட்டுக்குப் பாய்ந்த நேரமெல்லாம், அசைவே இல்லை. அக்டோபரில் வெறும் சட்டகாந்தத்தைக் காயிலுக்குள் நுழைத்து எடுத்தே ஊசியை ஆட்டிக் காட்டினார்.

அப்புறம் ஏசி மெக்கானிக்கிடம் ஒரு துண்டு செம்புக் குழாய் வாங்கி, அதற்குள் சின்ன நியோடிமியம் காந்தத்தைப் போட்டேன். செம்பில் காந்தம் ஒட்டாது, தெரியும். ஆனாலும் மெதுவாக மிதந்து இறங்கியது. விழும் காந்தம் குழாய்ச் சுவரில் கரண்டைத் தூண்டுகிறது, அந்தக் கரண்ட் விழுவதையே தடுக்கிறது. பாடத்தில் இது லென்ஸ் என்ற விஞ்ஞானியின் விதி, இரண்டு மார்க். அவள் குழாயைப் பிடுங்கிக்கொண்டு திரும்பத் திரும்பப் போட்டாள். "குழாய் இன்னும் தடியாக இருந்தால் நடுவிலேயே நின்றுவிடுமாப்பா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "நின்றால் கரண்ட் போய்விடும், மறுபடி விழுமே!" என்றாள். டியூஷன் பீஸை யாரிடம் திருப்பிக் கேட்பது?

இப்போது அவளுக்குக் காயில் சுற்றவேண்டுமாம். உன் பட்டறையில் மிச்சம் கிடக்கிற வைண்டிங் கம்பி கொஞ்சம் பஸ் பார்சலில் போட்டுவிடு. இனாமல் உரிந்ததை என் தலையில் கட்டிவிடாதே, சுற்றெல்லாம் ஷார்ட் ஆகிவிடும். காசு கேட்டாயானால் ஹாஸ்டல் மெஸ் கணக்கை எடுப்பேன்.

உன்,
ரவி