உங்கள் கிறிஸ்துமஸ் மாலைக்கு எங்களையும் கூப்பிடுங்கள்

நீலாய் வட்டாரப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர் விவகாரப் பிரிவுக்கும், மாணவர் மன்றத்துத் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை நான் எழுதவில்லை. நீலாயில் தடுக்கி விழுந்தால் ஒரு வளாகம். இந்த மடல் யாருக்கு என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

நான் வேன் ஓட்டுகிறவன். லாபு, பாஜாம், பத்தாங் பெனார் பக்கத்துத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் மலிவு விலை வீடுகளிலும் உள்ள பெண்களை விடியற்காலையில் ஏற்றிவந்து உங்கள் பின்கேட்டில் இறக்கி விடுகிறேன். மாலையில் அதே கேட்டில் ஏற்றிக்கொள்கிறேன். சிலருக்குத் துப்புரவு வேலை, சிலருக்குச் சாப்பாட்டுக் கடைகளில் வேலை. போகும்போது தூங்குவார்கள், திரும்பும்போது பேசுவார்கள். அந்தப் பேச்சில் பாதிதான் இந்த மடல். அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் போட வேண்டாம் என்றார்கள். அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் குத்தகைக்காரர் காதுக்குப் போனால் அடுத்த மாதம் வேலை இருக்குமோ என்னவோ.

விஷயம் உங்கள் டிசம்பர் மாதக் கொண்டாட்டம். அதை நிறுத்தச் சொல்லி எழுதுகிறேன் என்று பயந்துவிடாதீர்கள். நான் முருகனைக் கும்பிடுகிறவன், தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு நடக்கிறவன். ஆனாலும் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு டிசம்பர் வந்தால் கை கால் சும்மா இருக்காது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வேதக்காரர் (கிறிஸ்தவர்) வீடுகள் கொஞ்சம்தான். பண்டிகை மட்டும் லயம் முழுக்க நடக்கும். கீதம் பாடுகிற கூட்டம் இருட்டியதும் ஆர்மோனியம், டோலக், ஒரு கேஸ்லைட்டோடு புறப்படும். சாமி படம் மாட்டிய எங்கள் வீட்டு வாசலிலும் நின்று பாடும். அம்மா வரக்கோப்பி போட்டு, முறுக்குத் தட்டை நீட்டி, தட்டில் இரண்டு வெள்ளியும் வைப்பார். பாதிப் பாட்டிலேயே நாங்கள் பிள்ளைகள் அவர்கள் பின்னால் ஓடிவிடுவோம். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீடு வரைக்கும் போவோம். கணக்கெழுதும் கிராணி வீட்டில்தான் கேக் கிடைக்கும்.

இப்போது உங்கள் வளாகத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் தொடங்கும் உங்கள் பருவத்தின் தேர்வு நெருங்குகிற சமயத்தில் மண்டபத்து முகப்பில் மரம் எழும்பும். அந்த மரம் பிளாஸ்டிக். ஸ்டோரில் பல பெட்டிகளில் தூசி படிந்து கிடக்கும். பெட்டியைத் தூக்கி வருவதும், கிளை கிளையாகத் துடைத்து அடுக்கி வைப்பதும் என் வேனில் வருகிற அக்காமார்தான். மாணவர்கள் வந்து விளக்கும் உருண்டையும் தொங்கவிட்டுப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். சரி, அது அவர்கள் வயசு. விழா முடிந்த மறுநாள்தான் உண்மையான வேலை. பலூன் வளைவைக் குத்திக் குத்தி உடைக்க வேண்டும், தெளித்த நுரைப்பனி காய்ந்து தரையில் ஒட்டியிருக்கும், அப்புறம் அந்த ஜிகினாத் தூள். அதைக் கண்டுபிடித்தவர் கையில் கிடைத்தால் அவர்கள் சும்மா விடமாட்டார்கள். பெருக்கினால் பறக்கும், துடைத்தால் மாப்பில் ஏறிக்கொண்டு அடுத்த அறைக்கும் போகும். பொங்கல் வரைக்கும் என் வேன் இருக்கையில் மின்னிக்கொண்டிருக்கும்.

வேலையைப் பற்றி அவர்களுக்குக் குறை இல்லை, அதற்குத்தான் சம்பளம். குறை வேறு. உங்கள் கிறிஸ்துமஸ் கீத மாலை நிகழ்ச்சிக்கு அவர்களில் யாரையும் நீங்கள் கூப்பிட்டதில்லை. சுவரொட்டியில் ‘அனைவரும் வருக’ என்று இருக்கிறது. வெளியே மழையில் நனையாமல் அதை ஒட்டியவரும் அவர்களில் ஒருவர்தான். ஒரு அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க ஆசைப்பட்டார். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு முன்கேட்டுக்குப் போனார். அங்கே காவலுக்கு நின்ற ஜாகா அவருடைய பெரியம்மா மகன், ஒரே தோட்டம். அவர் என்ன செய்வார் பாவம், மாணவர் அட்டையோ அழைப்போ இல்லாதவர்களை விடக்கூடாது என்பது அவருக்கு வந்த உத்தரவு. காலையில் பின்கேட்டில் யாரும் எதுவும் கேட்காமல் உள்ளே போகிறவர், சாயங்காலம் சேலை கட்டிக்கொண்டு வந்தால் வெளியாளாகி விடுகிறார். கொஞ்ச நேரம் வேலிக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். மகளுக்குப் பாட்டு பிடித்திருந்ததாம்.

பாட்டு என்றதும் இன்னொன்று. நிகழ்ச்சி நிரலில் ஆங்கிலம், மலாய், மாண்டரின், சரவாக் மாணவர்கள் தங்கள் ஈபான் மொழியில் பாடுகிற பாட்டு, எல்லாம் உண்டு. நல்லது. தமிழ்க் கீதம் ஒன்றுகூட இல்லை. தமிழுக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது, இடைவேளையில் ஒரு சினிமா டான்ஸ் வைக்கிறீர்கள். தம்பிமாரே, இந்த வட்டாரத்திலேயே ராகம் தாளத்தோடு கீர்த்தனை பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்துச் சின்ன வேதக் கோயில்களில் பாடி, தோட்டம் போன பிறகு நீலாய், மந்தின், சிரம்பான் கோயில்களில் சேர்ந்து பாடுகிறவர்கள். அவர்களில் இரண்டு பேர் உங்கள் கழிவறைகளைக் கழுவுகிறார்கள். ஒருவர் உங்கள் சோற்றுக்கடையில் கோழி பொரிக்கிறார். மேடையில் நாற்காலிகூட வேண்டாம், ஒரு பாயும் ஒரு மைக்கும் போதும்.

அடுத்தது நீங்கள் எங்களைத் தேடி வருகிற விவகாரம். பஸ் நிறைய மாணவர்கள், சிவப்புத் தொப்பி, அரிசி, சமையல் எண்ணெய், மைலோ, பிஸ்கட் அடங்கிய பொட்டலங்கள். லயத்துக்குப் போய் ஏழைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பதாகத் திட்டம். போன முறை வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம், ஏனென்றால் அந்த லயத்தில் இப்போது இருப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள். செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்த அவர்களுக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. ஆகவே எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து பிள்ளைகளை என் வேனில் அள்ளிக்கொண்டு வரச் சொன்னார்கள். ‘பி40 குடும்பங்களுக்கு அன்பளிப்பு’ (பி40 என்றால் வருமானத்தில் அடிமட்டத்து 40 விழுக்காடு) என்று எழுதிய பதாகைக்கு முன்னால் நிற்க வைத்துப் படம். இரண்டாம் படிவம் படிக்கிற ஒரு பையன் பொட்டலத்தை வாங்காமல் தள்ளிப் போய் நின்றான். ஏன்டா என்று கேட்டேன். “அந்தப் பேனரோட படம் எடுத்து எல்லாத்துலயும் போடுவாங்க அண்ணே, ஸ்கூல்ல பாப்பாங்க” என்றான். அவனுக்கு நான் என்ன சொல்ல?

அரிசி கொடுத்தால் வேண்டாம் என்கிற நிலையில் எல்லாரும் இல்லை, அதை மறைக்கவில்லை. கொடுங்கள், வீட்டுக்குள்ளே கொடுங்கள். பதாகையை மட்டும் விட்டுவிட்டு வாருங்கள். தொப்பியும் கேமராவும் இருக்கட்டும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்தான்.

மாணவர் விவகாரப் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள், இதைத் தம்பி தங்கைகள் செய்ய முடியாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி தொழிலாளிக்கு ஆண்டுக்கு 11 பொது விடுமுறை உண்டு. அதில் 5 கட்டாயம்: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் (நம் நெகிரி செம்பிலானுக்கு ஜனவரி 14), தொழிலாளர் தினம், மலேசியா தினம். மீதி 6 நாள் எவை என்பதை அரசிதழில் வந்த பொது விடுமுறைகளிலிருந்து முதலாளியே தேர்ந்தெடுக்கலாம். கிறிஸ்துமஸ் அந்த ஐந்தில் இல்லை. தீபாவளியும் இல்லை. நாடு முழுக்க 25-ஆம் தேதி விடுமுறைதானே என்று நீங்கள் நினைக்கலாம். உங்களுக்கு விடுமுறை. துப்புரவுக் குத்தகைக்காரர் அந்த ஆறில் கிறிஸ்துமஸைச் சேர்க்காவிட்டால், கழுவுகிறவர்களுக்கு அது வெறும் வேலை நாள். சட்டப்படி அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. சேர்த்திருந்து, அன்றைக்கு வேலைக்கும் வரச் சொன்னால், மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் சேர்ப்பதில்லையோ என்று எங்கள் வேனில் ஒரு சந்தேகம்.

இதனால் என்ன நடக்கிறது தெரியுமா? நடுச்சாமப் பூசைக்குப் போய்விட்டு வந்தவர்கள் காலையில் கிளினிக்கில் வரிசை பிடித்து எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) எடுக்கிறார்கள். ஒரே நாளில் இத்தனை பேருக்கு வயிற்றுவலியா என்று மேற்பார்வையாளர் கத்துகிறார். கோயிலுக்குப் போன மறுநாள் பொய் சொல்ல வைக்கிறோமே என்று யாருக்காவது தோன்ற வேண்டாமா?

விடுமுறைப் பட்டியலை ஆண்டு பிறப்பதற்கு முன் வேலை இடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆக, அடுத்த ஆண்டுக்கான பட்டியல் இந்த டிசம்பருக்குள் ஒட்டப்பட வேண்டும். நீங்கள் மரம் நாட்டுகிற அதே மாதம். குத்தகையைக் கொடுப்பது பல்கலைக்கழகம். தீபாவளியும் கிறிஸ்துமஸும் அந்த ஆறில் இருக்க வேண்டும் என்று குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. இரண்டுமே இல்லாமல் ஓர் ஆண்டு ஓட்டினோம், பரவாயில்லை, இனிமேல் வேண்டாம்.

போன 25-ஆம் தேதி வேலைக்குப் போனவர்களில் ஒரு அக்கா சொன்னது இது. பெண்கள் ஹாஸ்டல் மூன்றாம் மாடியில் எல்லா அறையும் பூட்டிக் கிடந்தது. கடைசியில் உள்ள சின்னச் சமையலறையில் மட்டும் ஒரு பிள்ளை மின்கெண்டியில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டு நின்றது. சரவாக் பிள்ளை, சீபு பக்கம். டிக்கெட் விலை ஏறிவிட்டதால் ஊருக்குப் போகவில்லை. சாப்பாட்டுக் கடை மூன்று நாளாக மூடி, ஆகவே மெகி நூடுல்ஸ். அக்கா தன் சோற்று டப்பாவைத் திறந்தார். முந்தின நாள் வைத்த ஆட்டுக் கறி. பாதியை மூடியில் வைத்து நீட்டியிருக்கிறார். அந்தப் பிள்ளை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டு, பேச்சு புரியாத அம்மாவிடம் அக்காவைக் காட்டிச் சிரித்ததாம். இருவருமே அன்றைக்குக் கோயிலுக்குப் போக முடியாதவர்கள்.

இது ஏதோ ஒரு பிள்ளையின் கதை என்று ஒதுக்க வேண்டாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி சரவாக்கில் 50.1 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள், சபாவில் ஏறக்குறைய நாலில் ஒருவர். சபாவில் டிசம்பர் 24-உம் பொது விடுமுறை, அந்த அளவுக்கு அது அவர்கள் ஊரின் பெருநாள். அந்தப் பிள்ளைகள் உங்களிடம் படிக்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளும் போக இடமில்லாமல் ஹாஸ்டலில் தங்குகிறார்கள். நீங்களோ விழாவை இரண்டாம் வாரத்தில் முடித்துவிட்டு, உண்மையான பண்டிகை நாளில் விளக்கை அணைத்துப் பூட்டிக்கொண்டு போகிறீர்கள். ஒரே ஒரு கடையையாவது முறை வைத்துத் திறக்கச் சொல்லுங்கள்.

மீதியை எங்களிடம் விடுங்கள். எங்கள் தாமானில் வேதக்காரர் வீடுகள் சேர்ந்து 25-ஆம் தேதி மதியம் திறந்த இல்ல உபசரிப்பு நடத்துவது வழக்கம். தீபாவளிக்கு நாங்கள் செய்வது போலத்தான்: பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாருக்கும் சாப்பாடு. ஹாஸ்டலில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் யார் இருந்தாலும் வரட்டும், எந்த மதமானாலும் வரட்டும். முஸ்லிம் பிள்ளைகளுக்கு, இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் சொல்லித் தனியாகச் செய்து வைக்கிறோம். ஏற்றி இறக்குவது என் பொறுப்பு, அன்றைக்கு வேனுக்கு வாடகை இல்லை. பரிசு, கூடை ஒன்றும் கொண்டுவர வேண்டாம். ஈபான் பாட்டு தெரிந்தவர்கள் கிட்டார் எடுத்து வந்தால் சந்தோஷம், எங்கள் டோலக் அண்ணன் எந்தப் பாட்டுக்கும் தட்டுவார்.

அதற்கு முன்னால் உங்கள் கீத மாலை. ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அழைப்பு அட்டை, முன்கேட்டில் ஜாகாவிடம் ஒரு பட்டியல், நிகழ்ச்சியில் எங்கள் ஆட்களுக்கு ஒரு கால்மணி நேரம். நிகழ்ச்சியை இரவு எட்டு மணிக்கு மேல் வைத்தால் வேலை முடிந்து குளித்துவிட்டு வர நேரம் இருக்கும். ஜிகினா வேண்டாம் என்று அக்காமார் தனியாகச் சொல்லச் சொன்னார்கள். இதை அவர்கள் சிரித்துக்கொண்டு சொன்னார்கள், ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உபசரிப்புக்கு எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று டிசம்பர் 20-க்குள் பின்கேட்டில் என்னிடம் சொல்லிவிட்டால் நல்லது. ஆட்டிறைச்சிக்கு முன்பணம் கட்ட வேண்டும், பண்டிகை நேரத்தில் கடைசி நிமிடம் கேட்டால் கிடைக்காது.

இப்படிக்கு,
பின்கேட்டு வேன்காரன்
நீலாய், நெகிரி செம்பிலான்