இடியாப்பமும் ஒரு வெப்கேமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதால் இனி 3டி பிரிண்டர் பக்கத்தில் ஆளே வேண்டாம் என்கிறது சென்ற இதழ்க் கட்டுரை. நான் கோவையில் ஃபவுண்டரிகளுக்கு, அதாவது உலோகத்தை உருக்கி வார்க்கும் பட்டறைகளுக்கு, பேட்டர்ன் செய்து கொடுப்பவன். பேட்டர்ன் என்பது மணலில் அச்சுக்குழி எடுப்பதற்கான மாதிரி உருவம். மரத்தில் இழைத்த வேலையில் பாதியை இப்போது பிரிண்டரில்தான் எடுக்கிறேன். ராத்திரி 10 மணிக்கு ஓடவிட்டுப் போவேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் சில நாள் பம்பு உறைக்கான பேட்டர்ன் இருக்கும். சில நாள் பிளாஸ்டிக் இழை சிக்கிக் குவிந்து ஒரு தட்டு இடியாப்பமாக இருக்கும். கரண்டும் போச்சு, முக்கால் கிலோ பிளாஸ்டிக்கும் போச்சு.

அதனால்தான், கட்டுரை ஒரே வரியில் தாண்டிப்போன கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியை இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமே என்று பட்டது. டக்ளஸ் பிரியன், செபாஸ்டியன் பாட்டின்சன் இருவரும் 2022-இல் வெளியிட்டது. கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்த விதம்தான் அதில் அழகு. வேண்டுமென்றே கெடுத்திருக்கிறார்கள்! வேகம், சூடு, பிளாஸ்டிக்கைப் பிழியும் நாசிலின் உயரம், பிளாஸ்டிக் வரும் அளவு நான்கையும் நடு ஓட்டத்தில் கண்டபடி மாற்றி, நாசில் முனைக்கு நேரே வைத்த சாதாரண வெப்கேமில் படம்பிடித்தார்கள். 192 பொருட்கள், ஏறத்தாழ 9.5 லட்சம் படங்கள். எந்தப் படத்துக்கு என்ன அளவு இருந்தது என்பது தானாகவே பதிவாகிவிடுவதால், ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டியதில்லை. பழகியபின் புதுப் பொருளிலும் தவறைக் கண்டு, ஓடும்போதே திருத்துகிறது. தக்காளி சாஸையும் மயோனைஸையும் சிரிஞ்சில் பிழிந்துகூடப் பார்த்திருக்கிறார்கள். முறுக்கு பிழியும்போது இழையைப் பார்த்தே ‘மாவுக்குத் தண்ணி பத்தல’ என்பார் என் அம்மா. கிட்டத்தட்ட அந்த வித்தை.

ஆனால் அந்தக் கண் நாசில் முனையை மட்டும்தான் பார்க்கிறது. வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மி.மீ. சுருங்கும், அலுமினியம் அதற்கும் மேலே. பேட்டர்னை அந்தக் கணக்குக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும், மணல் உதிராமல் அதை வெளியே உருவியெடுக்கப் பக்கங்களில் லேசான சரிவு (டேப்பர்) விட வேண்டும். இதை விட்டுவிட்டு வரைந்த டிராயிங்கையும் அந்த மெஷின் பிசிறில்லாமல் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும். ஆள் வேண்டாம் என்று எழுதியவர் ஒருநாள் வார்ப்பு வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

அந்தப் படங்களையும் புரோகிராமையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி அவர்கள் வெளியிட்டிருப்பதையும் கட்டுரை சொல்லவில்லை. எங்கள் ஊரைச் சுற்றி எத்தனை இன்ஜினியரிங் கல்லூரிகள்! கடைசி வருடப் பிள்ளைகள் புராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். என் அக்கா மகனே அப்படித்தான் வாங்கினான். வெப்கேமோடு இரண்டு பேர் வந்தால், என் பழைய பிரிண்டரைச் சும்மாவே தருகிறேன். அதை யாரும் வேண்டுமென்று கெடுக்க வேண்டியதில்லை, தானாகவே கெடுத்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
பேட்டர்ன் பட்டறை வாசகர்,
கோவை.