நகை கைமாறும் முன்

இணையத்தில் பழைய நகைகளை விற்க முயன்றோர் ஏமாந்தது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த செய்தியைப் படித்தேன். ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள், பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையில்லை என்ற அறிவுரைகள் சரியானவையே. ஆனால் அவை வங்கிக் கணக்கைக் காப்பாற்றுமே தவிர, நகையைக் காப்பாற்றா. பணம் பறிபோனால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்து, அந்தப் பணத்தை முடக்க முயலலாம். கைவிட்டுப் போன நகையோ உருக்கப்பட்டுவிட்டால் அடையாளமே மிஞ்சாது. எங்கள் பக்கத்து வீட்டு அம்மையார் நெக்லஸ் ஒன்றை விற்க முனைந்தபோது, ஞாயிறு மாலை வந்தவர் பணம் அனுப்பிவிட்டதாகக் கூறிச் சில நிமிடங்களில், 'கணக்கில் வரவு' என்ற குறுஞ்செய்தியும் வந்தது. அது வங்கியின் பெயர்க்குறியீட்டில் வராமல் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வந்திருந்ததை அவருடைய மகள் கவனித்ததால்தான் நகை தப்பியது. (வந்தவர் தேநீரைக்கூடக் குடித்து முடிக்காமல் கிளம்பிவிட்டார்.)

எனவே, குறுஞ்செய்தியையோ ஸ்கிரீன்ஷாட்டையோ நம்பாமல், விற்பவர் தம் கணக்கின் இருப்பைத் தாமே சரிபார்த்த பிறகே நகையைக் கொடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கையை, நகை விளம்பரம் பதிவாகும் பக்கத்திலேயே விற்பனைத் தளங்கள் தமிழில் காட்ட வேண்டும். நகைக்கடன் வழங்கும் வங்கிக் கிளைகளில் மதிப்பீட்டாளரும் தராசும் ஏற்கெனவே இருப்பதால், சிறு கட்டணம் பெற்றுக்கொண்டு இத்தகைய பரிமாற்றம் அங்கேயே நடைபெற வங்கிகள் இடமளிக்கலாம்.